புனிதன் மாமாவின் விளக்குகள் – அத்தியாயம் 9

ரந்தாவ் டவுனைத் தாண்டுவதற்குள் சந்திரன் இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

முதல் முறை, எஞ்சினில் ஏதோ கருகல் வாடை வருகிறது என்றார். ரோகினி இறங்கிப் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை, மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்றார். பின்சீட்டிலிருந்து வள்ளிநாயகி கையை நீட்டி மாத்திரை டப்பாவை அவர் மடியில் போட்டாள்.

"இன்னும் என்னத்த மறந்தீங்க? தலையைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"திரும்பிடலாம் வள்ளி. மழை வர்ற மாதிரி இருக்கு."

"காடிக்குள்ளதானே இருக்கோம். நீ ஓட்டு ரோகினி. உங்கப்பாவ பேச விட்டா போர்டிக்சன் போய்ச் சேர தீபாவளி வந்துரும்."

"தீபாவளி இப்பதானேம்மா முடிஞ்சுது?"

"அதான் சொல்றேன், அடுத்த தீபாவளி."

முப்பத்து நான்கு கலங்கரை விளக்கங்கள் பழைய கைலிகளிலும் துண்டுகளிலும் சுற்றப்பட்டு, மூன்று துணிக்கூடைகளில் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வள்ளிநாயகி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு கூடைக்கு சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தாள். கோலா சாவாவில் ஏறியதிலிருந்து அவளுடைய ஒரு கை அந்தக் கூடைகளை விட்டு விலகவே இல்லை.

எல்லாம் அவளுடைய அண்ணன் புனிதன் அனுப்பியவை. ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பையோடு கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறியவன் திரும்பி வரவில்லை. கடிதம் எழுதும் பழக்கமும் அவனுக்கு இல்லை. ஆனால் அடுத்த ஜனவரியில் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதற்கடுத்த ஜனவரியில் இன்னொன்று. தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும் பெட்டி நிற்கவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வழி அது என்று வள்ளிநாயகி நம்பினாள்.

தை மாதம் ரோகினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குணாளன் வீட்டார் மண்டபம்வரை பேசி முடித்துவிட்டார்கள். வள்ளிநாயகிதான் போன வாரம் எல்லார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொன்னாள். தாய்மாமன் வந்து பட்டம் கட்டாமல் என் பெண் மணவறை ஏற மாட்டாள். சந்திரன் அன்று எழுந்து வெளியே போனவர் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

மாமாவைக் கண்டுபிடிக்க ரோகினி வழி தேடினாள். பேஸ்புக்கில் துழாவியபோது, கலங்கரை விளக்கப் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போர்டிக்சனில் கூடுகிறார்கள் என்று தெரிந்தது. அவள் எழுதிக் கேட்டதற்குப் பிரேமநாதன் என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், பொம்மையைப் பார்த்தால் எந்தத் துறைமுகம், எந்தக் கடை என்று சொல்லிவிடலாம், கடைசியாக வந்ததை வைத்து உங்கள் மாமா எங்கே இருக்கிறார் என்று தேடத் தொடங்கலாம்.

அந்த வரியைப் படித்ததிலிருந்து வள்ளிநாயகிக்குத் தூக்கம் இல்லை.

"உன் சடங்குக்கே அவன் வந்திருக்கணும்" என்றாள் இப்போது, சிலியாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே. "மாமன் தட்டு வெறுமையா இருக்கக்கூடாதுன்னு, அந்த வருஷம் வந்த லைட்ஹவுஸைத் தட்டுல வச்சுல்ல உன்னைச் சுத்துனோம்."

ரோகினி சிரித்தாள். "போட்டோவுல பாத்தீங்களாம்மா? ஒருத்தர்கூட என்னைப் பாக்கல. அத்தனை பேரும் அந்த லைட்ஹவுஸைத்தான் பாக்கறாங்க."

சந்திரன் கண்ணாடியை இறக்கி வெளியே எச்சில் துப்பினார். அப்படித் துப்புவது அவர் பழக்கம் இல்லை.

*

கடற்கரை ஓட்டலின் மண்டபத்தில் நாற்பது மேசைகளாவது இருந்தன. ஒவ்வொன்றிலும் விதவிதமான விளக்குகள். மரத்தில், பீங்கானில், தீப்பெட்டி அளவில், இடுப்பளவு உயரத்தில். ஒரு சீன அம்மா காதில்கூட விளக்குகளே தொங்கின. ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், மின்கலத்தில் சுழலும் தன் விளக்கை எல்லாரிடமும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

பிரேமநாதன் வாசலுக்கே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர். கழுத்தில் கயிறு போட்டு ஒரு பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்தார். சிரம்பான் டவுனிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர், நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

"வாங்கோ அம்மா, வாங்கோ. உங்கட மேசை இதுதான். அப்பிடியே அடுக்குங்கோ, நான் ஒண்டையும் தொடமாட்டன்."

வள்ளிநாயகி கைலிகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எதிலும் சீட்டு இல்லை. வரிசை அவள் தலைக்குள் இருந்தது.

"இது தொண்ணூத்தொண்ணு. இதுதான் மொதல்ல வந்தது. இது தொண்ணூத்திரெண்டு, முனை ஒடைஞ்சது இவ கைப்பட்டு. இது தொண்ணூத்தெட்டு. இது தொண்ணூத்தொம்பது, இவ பொறந்து பதினோராம் நாள் வந்தது."

சேகரிப்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். முப்பத்து நான்கு வருடம், ஒரே அனுப்புநர் என்று ரோகினி ஆங்கிலத்தில் சொன்னதும் யாரோ விசிலடித்தார்கள். வள்ளிநாயகி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் முகம் இப்படிப் பளிச்சென்று இருந்து ரோகினி பார்த்ததில்லை. சந்திரன் மட்டும் தூரத்தில், சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பிரேமநாதன் முதல் எட்டையும் மளமளவென்று சொன்னார். இது லிஸ்பனில் விற்பது. இது கொழும்பு. இது ஜெனோவா, இந்தக் கடையை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் வள்ளிநாயகி தலையை ஆட்டினாள், அண்ணன் அந்தத் தெருவில் நடந்து போவது தெரிகிற மாதிரி.

ஒன்பதாவதை எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்தாவது, பதினொன்றாவது. பூதக்கண்ணாடி மெதுவாக நகர்ந்தது. பிறகு அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைத் தடவிப் பார்த்தார்.

"அம்மா, இந்தத் துணியைக் கொஞ்சம் உரிச்சுப் பாக்கலாமோ? பிறகு நானே ஒட்டித் தாறன்."

"பாருங்க ஐயா. எங்கண்ணன் கெடச்சா போதும்."

தூரத்து நாற்காலியிலிருந்து சந்திரன் எழுந்து நின்றார்.

துணி சரக்கென்று உரிந்தது. பிரேமநாதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். அவருடைய வாய் திறந்தது.

"அட!"

இன்னொன்றை உரித்தார். இன்னொன்று. உரித்த எல்லாவற்றின் அடியிலும் அதே அச்சு. சரிவாக ஓடும் மெல்லிய கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள், நடுவில் சின்னச் சின்ன வைரக் கட்டங்கள்.

"ஒரே ஆளின்ர வேலை! இதுகள் கடையில வாங்கினதே இல்லை. எல்லாம் ஒரே கை! முப்பது வருஷமா சேக்கிறன், இப்பிடி அடிப்பக்கம் போட்ட ஆளை நான் கண்டதே இல்லை." அவர் ஆங்கிலத்தில் மற்றவர்களைக் கூவி அழைத்தார். போன்கள் நீண்டன. மலாய் ஆசிரியர் கை தட்டினார். "எந்த நாட்டுக்காரனாக இருக்கும்? டென்மார்க்கோ?"

ரோகினிக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் பிறந்தபோதே கோலா சாவாவில் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நடத் தொடங்கிவிட்டார்கள்.

வள்ளிநாயகி ஒன்றைக் கையில் வாங்கினாள். பெருவிரலால் அந்தக் கோடுகளைத் தடவினாள். ஒருமுறைதான் தடவினாள். பதினான்கு வயதில், உருளைகளுக்கு நடுவிலிருந்து ஈரமாக வெளியே வரும் ரப்பர் ஷீட்டை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தவள் அவள். அந்த மெஷின் பதிக்கும் கோடுகள் அவள் விரலுக்குத் தெரியும்.

அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க. இது நம்ம தோட்டத்து ஷீட்டு தானே?"

சந்திரன் துணி உரிந்து கிடந்த விளக்குகளைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். ஸ்டோர்ல ஷீட்டு உருட்டுற மெஷின் கோடு தானே இது?"

சந்திரன் மேசைக்கு அருகே வந்தார். சுற்றிலும் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சிமெண்ட் அதுல ஒட்டாது வள்ளி. அதான் அச்சுக்கு அடியில விரிக்க ஒரு ஷீட்டைக் கொண்டாந்து வச்சிருந்தேன். கட்டையில செதுக்கி, ரப்பர் பாலைத் தடவி அச்சு எடுத்து, அதுல சிமெண்ட் ஊத்தி... அந்தக் கோட்டை மறைக்கத்தான் துணி ஒட்டுனேன்."

"நீயா செஞ்ச?"

அம்மா அப்பாவை 'நீ' என்று சொல்லி ரோகினி கேட்டது அதுதான் முதல் முறை.

"அண்ணன் எங்க?"

சந்திரன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்ணூத்தெட்டு, அக்டோபர் மாசம். கப்பல் கம்பெனியிலேர்ந்து ஆபீசுக்குக் கடுதாசி வந்துச்சு. கணக்கெழுதுற கிராணி துரைசிங்கம்தான் படிச்சுச் சொன்னாரு. ராத்திரி டெக்குலேர்ந்து கடல்ல விழுந்துட்டான்னு. தேடுனாங்களாம். உடம்பு கெடைக்கலியாம்."

மின்கல விளக்கு எங்கோ சுற்றிச் சுற்றி வந்தது. அதன் வெளிச்சம் வள்ளிநாயகி முகத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. அவள் கண் இமைக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம்" என்றாள்.

"உனக்கு ஏழாம் மாசம். ரெண்டு தடவ தங்காம போயி, இவ மூணாவது. வாயும் வயிறுமா இருக்கிறவகிட்ட சாவு சேதி சொல்லக்கூடாதுன்னு லயத்துல எல்லாரும் சொன்னாங்க. புள்ள பொறந்ததும் சொல்லிக்கலாம்னாங்க. பொறந்துச்சு. தீட்டு கழியட்டும்னாங்க. நீ பச்சைப் புள்ளய மடியில போட்டுக்கிட்டு தபால் வருதா, தபால் வருதான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்த. நான் என்ன செய்வேன்? ஒண்ணு செஞ்சு கொண்டாந்தேன். அந்த ஒரு வருஷத்துக்குத்தான்னு நெனச்சேன்."

ரோகினி அம்மாவைப் பார்த்தாள். எனக்காகவா? நான் பிறக்க வேண்டும் என்பதற்காகவா இந்த அத்தனையும்?

"கஸ்டம்ஸ்ல பிரிச்சுட்டாங்கன்னு வருஷா வருஷம் தபால் முத்திரை இல்லாத பெட்டியில வச்சுக் குடுத்தியே" என்றாள் வள்ளிநாயகி. "அதுவும் பொய்யா?"

"ம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"வேணாம் வள்ளி."

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"லயத்துல இருந்த அத்தனை பேருக்கும். வேலை வாங்குற மண்டோர் நல்லசாமி, கோயில் பூசாரி, உங்க சின்னம்மா. யாருமே வாயத் திறக்க மாட்டோம்னு கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாங்க. திறக்கவும் இல்ல."

ரோகினிக்குச் சடங்குப் போட்டோ கண்முன் வந்தது. பட்டுப் பாவாடை, மஞ்சள், மாலை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தட்டிலிருந்த பொம்மையையே வெறித்துப் பார்த்தது.

"அப்பா, என் சடங்குல... அன்னிக்கு வந்தவங்க..."

"எல்லாருக்கும் தெரியும்மா."

வள்ளிநாயகி தலைக்குப் பின்னால் கையைக் கொண்டு போனாள். காலையில் ஆசையாகத் தொடுத்து வைத்த மல்லிகைச் சரத்தைப் பிய்த்து எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றுவிட்டு, மேசையில், விளக்குகளுக்கு நடுவே வைத்தாள்.

"வருஷா வருஷம் பொங்கலுக்கு, எங்கண்ணன் நீண்ட ஆயுசோட இருக்கணும்னு வெளக்கு ஏத்துனேன். நீ பக்கத்துலயே நின்னு கும்புட்ட."

"ஆடி அமாவாசைக்கு வருஷா வருஷம் இதே கடல்லதான் வந்து எள்ளுந்தண்ணியும் விட்டேன். கோயில் மீட்டிங்னு உன்கிட்ட சொல்லிட்டு. மச்சானை நான் அநாதையா விடல வள்ளி."

"எனக்கு முழுகணும்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். சாவு செய்தி எப்போது காதில் விழுகிறதோ அப்போது தலை முழுக வேண்டும். ஒரு நாள் தள்ளி வந்தாலும் சரி, இருபத்தாறு வருடம் தள்ளி வந்தாலும் சரி.

"வள்ளி, இரு, நானும்..."

"நீ வராத."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் கடலை நோக்கி நடந்தாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

*

பின்னால் ஓடப் போன ரோகினியைப் பிரேமநாதன் நிறுத்தினார். அவர் முகத்தில் இப்போது மகிழ்ச்சி இல்லை.

"பிள்ளை, நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனோ? அம்மா ஏன் இப்பிடிப் போறா?"

"இல்ல அங்கிள். எங்க மாமா எறந்துட்டாரு. எங்களுக்கு இப்பதான் தெரியும்."

"ஐயோ. கடவுளே." அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எப்ப?"

"தொண்ணூத்தெட்டுல. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் அப்பா செஞ்சது."

பிரேமநாதன் மேசையைப் பார்த்தார். சந்திரனைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார்.

"எல்லாமோ?"

"எல்லாந்தான் ஐயா" என்றார் சந்திரன், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து.

"அப்ப இது?"

கடைசி வரிசையிலிருந்து அவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை போட்டது. "இதில துணியும் இல்லை, கோடும் இல்லை. இது அச்சில வார்த்த பீங்கான். சூளையில சுட்டது. வீட்டில செய்யேலாது."

ரோகினி அதை வாங்கினாள். அம்மாவின் வரிசையில் கடைசியிலிருந்து எண்ணினாள். ஆறாவது இடம் காலியாக இருந்தது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது.

"அப்பா, இது?"

சந்திரன் தலையைத் தூக்கவில்லை. "அது நீ வாங்கி வச்சதும்மா."

"நானா?"

"அதுக்கு முந்துன டிசம்பர்தானே எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்? ஜனவரி முழுக்க சிரம்பான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். இந்த வருஷம் ஒண்ணும் வராது, வள்ளி தவிச்சுப் போயிடுவான்னு கட்டில்ல படுத்துக்கிட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து பாத்தா அலமாரியில இது நிக்குது. உனக்கு எப்படியோ விஷயம் தெரிஞ்சு போச்சு, அப்பாவைக் காப்பாத்த நீயே வாங்கி வச்சுட்டேன்னு நெனச்சேன். உன்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

"அப்பா." ரோகினி விளக்கை அவர் முன்னால் நீட்டினாள். "எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இந்த மேசைக்கிட்ட நின்னுதான் தெரியும்."

சந்திரன் நிமிர்ந்தார்.

"இது தபால்ல வந்துச்சு. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி ஆன்ட்டிதான் வாங்கி வச்சாங்க. நாங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப குடுத்தாங்க. அம்மாகூட சொன்னாங்களே, இந்தத் தடவ பெட்டிய யாரும் பிரிக்கல, முழுசா வந்திருக்குன்னு."

"தபால்லயா?"

"தபால்ல."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரேமநாதன் ரோகினியின் கையிலிருந்து அதைப் பதமாக எடுத்து, கவிழ்த்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பீங்கானிலேயே ஒரு எண் பதித்திருந்தது.

"இதெல்லாம் செய்த வருஷத்தைப் போட்டுத்தான் சூளையில வைப்பினம்" என்றார். "இரண்டாயிரத்துப் பதினெட்டு."

இறந்தவன் கடைக்குப் போவதில்லை. முகவரி எழுதுவதில்லை. அதுவும் லயத்து முகவரியை அல்ல. அவன் கண்ணால் கண்டிராத தாமான் வீட்டு முகவரியை.

சந்திரன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "ஓடும்மா! உங்கம்மா முழுகிடப் போறா! உசுரோட இருக்கிற ஆளுக்கு முழுகக்கூடாது! ஓடு!"

ரோகினி அந்த விளக்கைப் பறித்துக்கொண்டு ஓடினாள். கண்ணாடிக் கதவு, அம்மாவின் செருப்பு, நெகிழும் மணல். வார விடுமுறைக்கு வந்த குடும்பம் ஒன்று பாய் விரித்து நாசிலெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டி, அலைகளைத் தாண்டி, வள்ளிநாயகி கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

"அம்மா! முழுகாதீங்க!"

காற்று எதிர்த்திசையில் வீசியது.

"அம்மா! மாமா சாகல! யாரு சொன்னா செத்துட்டாருன்னு? முழுகாதீங்கம்மா!"

'சாகல' என்ற சொல் காதில் விழ, வள்ளிநாயகி திரும்பினாள். மகள் இடுப்பளவுத் தண்ணீரில், கையை உயரத் தூக்கி எதையோ ஆட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. வெள்ளையும் சிவப்புமாக ஒரு சின்னப் பொருள். அது எந்த வருடத்து விளக்கு என்று அவளுக்கு எட்ட இருந்தே தெரியும்.

அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய அலை எழுந்து வந்தது. ரோகினி கத்தினாள்.

வள்ளிநாயகி அவிழ்ந்த கூந்தலை இரண்டு கையாலும் வாரி உச்சந்தலையில் அழுத்திப் பிடித்தாள். குதிகாலைத் தூக்கி, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி, அலை தலைக்கு மேல் போகவிடாமல் தன்னால் முடிந்த உயரத்துக்கு எம்பினாள்.